அரசர் பள்ளத்தாக்கும் அதைக் குடைந்த கைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எகிப்து என்றதும் பிரமிடும் தங்க முகமூடியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்நாட்டின் அரசர்கள், கல்லறைகள், ஓவியங்கள் ஆகியவற்றைப் பற்றி ஆர்வத்துடன் படிக்கத் தொடங்குவோர் எழுப்பும் ஐயங்கள் பலவும் நைல் ஆற்றின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகருக்கு எதிரே இருக்கும் அரசர் பள்ளத்தாக்கையே வந்து சேர்கின்றன. அவற்றுள் முக்கியமானவற்றுக்கு இங்கே விடை தரப்படுகிறது. அங்கே புதைக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதும் அளவுக்கு, அந்தப் பாறையைக் குடைந்தவர்களைப் பற்றியும் வேண்டுமென்றே விரிவாக எழுதியிருக்கிறேன். அரசர்களின் பெயர்கள் சுவர்களில் இருக்கின்றன. தொழிலாளர்களின் பெயர்கள் அவர்கள் எழுதிவிட்டு எறிந்த கல்சில்லுகளில் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்தப் பள்ளத்தாக்கு நமக்குப் பிடிபடுகிறது.

அரசர் பள்ளத்தாக்கில் யாரெல்லாம் அடக்கம் செய்யப்பட்டார்கள்?

புதிய அரசு எனப்படும் காலத்தில், அதாவது 18, 19, 20ஆம் அரச மரபுகளின் காலத்தில், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் எகிப்திய அரசர்களின் இடுகாடாக இது இருந்தது. மூன்றாம் துத்மோஸ், முதலாம் செத்தி, இரண்டாம் ராம்சேஸ் முதலியோர் இங்கே புதைக்கப்பட்டவர்கள். இதுவரை அறுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகளும் குழிகளும் கண்டறியப்பட்டு எண்ணிடப்பட்டுள்ளன. இந்த எண்முறையை 1827இல் தொடங்கியவர் ஜான் கார்ட்னர் வில்கின்சன் என்ற ஆங்கிலேயர். எண் பெற்ற அனைத்தும் அரசர்களுடையவை அல்ல. அரச குடும்பத்தாரும், அரசரின் தனிப்பட்ட அன்பைப் பெற்ற சில அதிகாரிகளும் இங்கே இடம் பெற்றனர். 5ஆம் எண் கல்லறை இரண்டாம் ராம்சேசின் மகன்களுக்காக வெட்டப்பட்டது. வெகுகாலம் ஒன்றுமில்லாத சிறு குழி என்று ஒதுக்கப்பட்டிருந்த அதனுள், 1995இல் கென்ட் வீக்ஸ் என்ற தொல்லியலாளரின் குழுவினர் ஒரு நீண்ட நடையையும் அதன் இருபுறமும் அடுக்கடுக்காக அறைகளையும் கண்டனர். இன்று அங்கே நூற்றிருபதுக்கும் மேற்பட்ட அறைகள் அறியப்பட்டுள்ளன.

பிரமிடு கட்டிய மரபு ஏன் மலையைக் குடையத் தொடங்கியது?

பிரமிடு வெகு தொலைவிலிருந்தே தெரியும். உள்ளே செல்வம் இருக்கிறது என்பதையும் அதுவே ஊருக்கு அறிவித்துவிடும். பழைய பிரமிடுகள் கொள்ளையடிக்கப்பட்டதைப் புதிய அரசின் மன்னர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அதனால் அவர்கள் வழிபாட்டுக்குரிய கோயிலை ஆற்றுச் சமவெளியின் ஓரத்தில் எல்லோரும் காணும்படி எழுப்பி, உடலை மட்டும் மலைக்குப் பின்னால் மறைவிடத்தில் வைத்தார்கள். முதலாம் துத்மோசின் கட்டடப் பொறுப்பாளரான இனேனி, தன் அரசரின் கல்லறையைத் தானே தனித்து நின்று வெட்டுவித்ததாகவும், அதை ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவரும் கேட்கவில்லை என்றும் தன் கல்லறைச் சுவரில் பெருமையோடு பதிந்துவைத்தார். மறைவு எவ்வளவு முக்கியமாகக் கருதப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிரமிடின் நினைவு அடியோடு போய்விடவும் இல்லை. பள்ளத்தாக்குக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் எல்-குர்ன் என்ற சிகரம் இயற்கையாகவே பிரமிடின் வடிவம் கொண்டது. மேற்கு, கதிரவன் மறையும் திசை. ஆகவே இறந்தோரின் திசை. அந்தச் சிகரத்தில் மெரெத்செகெர் என்ற நாகதெய்வம் குடியிருப்பதாகத் தொழிலாளர்கள் நம்பினார்கள். ‘அமைதியை விரும்புபவள்’ என்பது அப்பெயரின் பொருள்.

இந்தக் கல்லறைகளை வெட்டியவர்கள் அடிமைகளா?

அல்லர். இந்தக் கேள்விக்கு இவ்வளவு உறுதியாக விடை சொல்ல முடிவதே தொல்லியலின் பெரும்பேறுகளுள் ஒன்று என்பது என் எண்ணம்.

பள்ளத்தாக்குக்குத் தெற்கே, மலையின் மறுபுறத்தில், தெய்ர் எல்-மதீனா என்று இன்று அழைக்கப்படும் சிற்றூர் இருக்கிறது. மதிலுக்குள் ஏறத்தாழ 68 வீடுகள், நடுவே ஒடுங்கிய தெரு, ஒன்றையொன்று ஒட்டிய சுவர்கள். கல்வெட்டுவோர், சாந்து பூசுவோர், வரைவோர், செதுக்குவோர், எழுத்தர் ஆகியோர் தங்கள் மனைவி மக்களோடு இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். தந்தையின் வேலை பெரும்பாலும் மகனுக்குப் போயிற்று. அரசு அவர்களுக்குக் கூலியைத் தானியமாக அளந்தது: சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை எம்மர் என்ற பழைய வகைக் கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. ஒரு மூட்டை என்பது ஏறத்தாழ 77 லிட்டர். கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு. இவற்றோடு மீன், காய்கறி, விறகு, மண்பாண்டம் ஆகியவையும் வந்தன. துணி வெளுக்க அரசே வண்ணார்களை அமர்த்தியிருந்தது; எந்த வீட்டிலிருந்து எத்தனை துணி போயிற்று என்று குறித்த கணக்குகள்கூடக் கிடைத்திருக்கின்றன. அடிமைத்தனமே அந்நாட்டில் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இதே ஊரின் வீடுகளுக்குத் தானியம் அரைத்துக் கொடுக்க அடிமைப் பெண்கள் முறைவைத்து அனுப்பப்பட்டனர் என்பதையும் அதே சில்லுகள் சொல்கின்றன.

இத்தனை நுணுக்கமாக நமக்குத் தெரியக் காரணம் ஒரு தோல்விதான். ஊரில் தண்ணீர் கிடையாது. கழுதைகள் மேல் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். அந்தத் துன்பத்தைப் போக்க ஊருக்கு வடக்கே ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பெருங்குழி வெட்டினார்கள். நீர் ஊறவே இல்லை. கைவிடப்பட்ட குழியில் ஊரார் குப்பை கொட்டினார்கள். அந்தக் குப்பையிலிருந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுவில், பெர்னார் புரூயேர் தலைமையிலான பிரெஞ்சு அகழாய்வாளர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துச் சில்லுகளை எடுத்தனர். பாப்பிரஸ் விலை மிகுந்தது. சுண்ணாம்புக்கல் சில்லோ உளி படும் இடமெல்லாம் கிடைப்பது. கடன், வழக்கு, கடிதம், காதற்பாட்டு, மாணவர்களின் பயிற்சி என அனைத்தையும் அவர்கள் அதில்தான் எழுதினார்கள்.

ஒரு சில்லை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அது, இரண்டாம் ராம்சேசின் 40ஆம் ஆட்சியாண்டில் எழுதப்பட்ட வருகைப் பதிவேடு. வலப்புறம் நாற்பது தொழிலாளர்களின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் வராத நாள்கள் கறுப்பு மையில் எழுதப்பட்டிருக்கின்றன. நாளுக்கு மேலே, வராத காரணம் சிவப்பு மையில், மிகச் சிறிய எழுத்தில். ஒருவரைத் தேள் கொட்டியது. ஒருவருக்குக் கண்நோய். ஒருவர் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஒருவர் இறந்துபோன தன் உறவினரின் உடலைத் துணி சுற்றி அடக்கம் செய்யப் போயிருந்தார். மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் எழுத்தர், ஒவ்வொருவரிடமும் ‘நேற்று ஏன் வரவில்லை?’ என்று கேட்டு, தூரிகையைச் சிவப்பு மையில் தோய்த்து அந்த விடையைக் குறித்துக்கொண்டதை இந்தச் சில்லில் கண்ணாரக் காணலாம்.

ஒரு கல்லறை எப்படி வெட்டப்பட்டது? அந்த இருட்டில் எப்படி வேலை பார்த்தார்கள்?

அரசர் பட்டமேறியவுடன் இடம் தேர்ந்து வேலை தொடங்கிவிடும். தொழிலாளர் கூட்டம், படகோட்டிகளைப் போல, இடப்பக்கத்தார் வலப்பக்கத்தார் என இரண்டு அணிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அணிக்கும் ஒரு மேஸ்திரி இருந்தார். பத்து நாள்கள் கொண்டது அவர்களுடைய வாரம். வேலை நாள்களில் வீட்டுக்குத் திரும்பாமல், மலைமுகட்டில் கட்டிய சிறு கல்குடிசைகளில் தங்கி, ஓய்வுநாளுக்கு மட்டும் ஊருக்கு இறங்கினார்கள்.

முன்னால் செல்பவர்கள் சுண்ணாம்புப் பாறையைச் செம்பு உளியாலும் மரச் சுத்தியாலும் பெயர்த்தனர். பின்னால் வருபவர்கள் கல்லைக் கூடையில் சுமந்து வெளியே கொட்டினர். அவர்களுக்கும் பின்னால் சுவரைச் சமன்செய்வோர், சாந்து பூசுவோர், வரைவோர், செதுக்குவோர், வண்ணம் தீட்டுவோர் என்று வரிசையாகத் தொடர்ந்தனர். ஆகவே ஒரே கல்லறையில், உள்கோடியில் பாறை உடைபட்டுக்கொண்டிருந்த அதே வேளையில் வாயிலருகே ஓவியம் உருவாகிக்கொண்டிருக்கும். செம்பு விலைமதிப்புள்ள உலோகமானதால், உளிகள் எடை போட்டே கொடுக்கப்பட்டு, மழுங்கியதும் எடை பார்த்தே திரும்பப் பெறப்பட்டன.

வெளிச்சம் விளக்குத் திரியிலிருந்து வந்தது. பழந்துணியைத் திரித்து, கொழுப்பிலோ எண்ணெயிலோ தோய்த்து, மண் அகலில் இட்டு ஏற்றினார்கள். திரிகளும் அரசின் சரக்கறையிலிருந்தே எண்ணிக் கொடுக்கப்பட்டன. காலை வேலைக்கு இத்தனை, பிற்பகல் வேலைக்கு இத்தனை என எழுத்தர்கள் கணக்கு வைத்தனர். அந்தத் திரிக் கணக்கிலிருந்துதான் வேலைநாள் இரண்டு பங்காக இருந்ததை ஆய்வாளர்கள் அறிந்தனர்.

வரைபடம் வைத்து வேலை செய்ததற்கும் சான்று உண்டு. நான்காம் ராம்சேசின் கல்லறைத் திட்டம், அளவுகள் குறிக்கப்பட்ட நிலையில், இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் ஒரு பாப்பிரஸ் தாளில் இருக்கிறது. ஆனாலும் பழைய கல்லறைகள் மறைவாக இருந்தமையால் சில வேளைகளில் தடம் தவறியது. செத்நக்த் என்ற அரசருக்காகக் குடைந்தபோது, பக்கத்திலிருந்த அமென்மெசேயின் கல்லறைக்குள்ளேயே உளி ஊடுருவிவிட்டது. பின்னர் அதே குகையை மூன்றாம் ராம்சேஸ் எடுத்துக்கொண்டு, பாதையைச் சற்று ஒதுக்கி வேறு கோட்டில் தொடரச் செய்தார். இன்று அதன் நடைவழியில் செல்பவர் அந்த விலகலைக் காலாலேயே உணரலாம்.

எகிப்திய ஓவியங்களில் முகம் பக்கவாட்டிலும் கண்ணும் தோளும் நேராகவும் இருப்பது ஏன்? அவர்களுக்கு வரையத் தெரியாதா?

நன்றாகவே தெரியும். அந்த ஓவியத்தின் நோக்கம், ஒரு கணத்தில் ஓரிடத்தில் நின்று பார்க்கும் கண்ணுக்குத் தோன்றுவதை அப்படியே படியெடுப்பதன்று. சுவரில் வரையப்பட்ட உருவம் மறுமையில் உயிரோடு இயங்க வேண்டியது. எனவே ஒவ்வோர் உறுப்பும் அது எந்தப் பக்கத்திலிருந்து முழுமையாகத் தெரியுமோ அந்தப் பக்கத்திலிருந்து காட்டப்பட வேண்டும். மூக்கும் நெற்றியும் பக்கவாட்டில் தெளிவு. கண் நேரே பார்த்தால் முழுமை. தோள் இரண்டும் தெரிய வேண்டும். கால்கள் நடக்கும் நிலையில் இருக்க வேண்டும்.

இந்த ஒழுங்கைக் காக்கக் கட்டங்கள் பயன்பட்டன. மையில் தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்டுக் கோடு பதித்தார்கள். நிற்கும் மனித உருவம் உள்ளங்கால் முதல் நெற்றியில் மயிர் தொடங்கும் இடம் வரை 18 கட்டங்கள். முழங்கால், இடை, தோள் ஒவ்வொன்றுக்கும் உரிய கட்டம் இதுவென்று வரையறுத்திருந்தார்கள். அகெநாதென் என்ற அரசரின் காலத்தில் இந்த அளவுகள் மாறியதால்தான் அவருடைய உருவங்கள் நீண்ட கழுத்தும் தாழ்ந்த வயிறுமாக வேறுபட்டுத் தெரிகின்றன.

இதை நேரில் உணர விரும்புகிறவர் 57ஆம் எண் கல்லறையின் படங்களையேனும் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஹோரெம்ஹெப் என்ற அரசரின் அந்தக் கல்லறையில் அடக்க அறையின் சுவர்கள் முடிக்கப்படாமல் நின்றுவிட்டன. ஓரிடத்தில் கட்டங்களும் சிவப்பு மையில் விரைவாகப் போட்ட முதல் வரைவும் மட்டும் இருக்கின்றன. அடுத்த இடத்தில், தலைமை ஓவியர் கறுப்பு மையை எடுத்து மாணவனின் சிவப்புக் கோட்டைத் திருத்தியிருக்கிறார்: தோளைச் சற்று இறக்கி, தாடையைச் சற்று உள்ளே இழுத்திருக்கிறார். இன்னும் சிறிது தள்ளிப் போனால் அந்தக் கறுப்புக் கோட்டின் வழியே உளி பாதி தூரம் சென்று நிற்கிறது. முழுமை பெற்ற எத்தனையோ கல்லறைகள் காட்டாத ஒன்றை, ஆசிரியரும் மாணவரும் ஒரே சுவரில் நின்றதை, முடியாமற்போன இந்தக் கல்லறை காட்டுகிறது.

வண்ணங்கள் எவற்றிலிருந்து கிடைத்தன?

பெரும்பாலும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும். சிவப்பும் மஞ்சளும் காவிமண், கறுப்பு கரி, வெள்ளை ஜிப்சம் அல்லது சுண்ணாம்பு வகை. நீலம் மட்டும் மனிதர் செய்தது. மணல், செம்புத் தாது, சுண்ணாம்பு, கார உப்பு ஆகியவற்றைச் சேர்த்து உலையில் 900 பாகை செல்சியசுக்கு அண்மையான வெப்பத்தில் சுட்டு எடுத்த இந்த எகிப்திய நீலம், உலகில் செயற்கையாகச் செய்யப்பட்ட மிகப் பழைய நிறமிகளுள் ஒன்று. வறண்ட காற்றும் வெயில் படாத ஆழமும் வண்ணங்களைக் காத்தன.

சுவர்களில் எழுதப்பட்டிருப்பது அரசரின் வரலாறா?

இல்லை, போர், வெற்றி, திறை ஆகியவை கோயில் சுவர்களுக்கு உரியவை. கல்லறைச் சுவர்களில் இருப்பவை மறுமைக்கான வழிகாட்டிகள். ‘அம்துவாத்’ என்ற தொகுதி, கதிரவன் மாலையில் மறைந்தபின் பாதாளத்தில் படகேறிச் செல்லும் பன்னிரண்டு மணி நேரத்தை மணிக்கு மணி விவரிக்கிறது. ஒவ்வொரு மணியிலும் வாயில்கள், காவலர்கள், பாம்புகள். அவர்களின் பெயரைச் சொன்னால்தான் வழி கிடைக்கும். அரசர் கதிரவனோடு அந்தப் படகில் பயணம் செய்து, விடியலில் மீண்டும் பிறக்கிறார். மூன்றாம் துத்மோசின் கல்லறையில், அரசர் பெயரைச் சுற்றி வரையும் வளையத்தைப் போன்ற நீள்வட்ட அறையின் சுவர் முழுவதும் இது வெறும் கோட்டுருவங்களாக, விரித்த பாப்பிரஸ் சுருளைச் சுவரில் ஒட்டினாற்போல வரையப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய அறையில் இத்தொகுதியின் 741 தெய்வ உருவங்கள் பட்டியலாக நிற்கின்றன. ஆறாம் ராம்சேசின் அடக்க அறை விதானத்தில் நூத் என்ற வானத் தாய் நீண்டு வளைந்து கிடக்கிறாள். மாலையில் கதிரவனை விழுங்குகிறாள், காலையில் ஈன்றெடுக்கிறாள்.

உடலைப் பதப்படுத்தியது எப்படி?

மொத்தச் சடங்குக்கும் 70 நாள்கள். ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகியவை எடுக்கப்பட்டுத் தனித்தனியே பாதுகாக்கப்பட்டன. மூளை பயனற்றதாக அகற்றப்பட்டது. நேட்ரான் என்ற இயற்கை உப்பில் ஏறத்தாழ 40 நாள்கள் உடல் உலர்த்தப்பட்டு, பிசின் பூசி, மெல்லிய துணியால் சுற்றப்பட்டது. இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டார்கள். அறிவும் நினைவும் அங்கேதான் குடியிருப்பதாக அவர்கள் கருதினார்கள். தீர்ப்பு நாளில் மாஆத் என்ற அறத்தெய்வத்தின் இறகுக்கு எதிரே தராசில் வைக்கப்படுவதும் அதுதான்.

தமிழகத்துக்கும் இந்த எகிப்துக்கும் உண்மையான தொடர்பு உண்டா?

பெயர்களின் ஒலி ஒற்றுமையை வைத்துச் சொல்லப்படும் பல உறவுகளுக்கு அடிப்படை இல்லை. ஆனால் மண்ணில் கிடைத்த சான்றுகள் இருக்கின்றன. அவை மிகவும் அழகானவை. கி.மு. 1213 அளவில் இறந்த இரண்டாம் ராம்சேசின் உடலில், மூக்குத் துளைகளுக்குள் கருமிளகு வைக்கப்பட்டிருந்தது. மிளகின் தாயகம் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலை. எத்தனை கை மாறி அது அங்கே போய்ச் சேர்ந்திருந்தாலும், புறப்பட்ட திசை நம்முடையது.

அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னர், எகிப்து ரோமானியர் ஆட்சியில் இருந்தபோது, தொடர்பு நேரடியாயிற்று. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் இந்தியப் பெருந்தாழி ஒன்றில் ஏழு கிலோவுக்கும் மேல் மிளகு கிடைத்தது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடும் அங்கே கிடைத்தது. குசைர் அல்-கதீம் என்ற மற்றொரு துறைமுகத்தில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் ‘பானை ஒறி’ என்று எழுதியிருப்பதைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னார். உறியில் தொங்கவிடும் பானை என்பது அதன் பொருள். ஆனால் அது பாரோக்களின் எகிப்து மறைந்து வெகுகாலத்துக்குப் பிந்தைய செய்தி என்பதை மறக்கலாகாது.

உலகின் முதல் வேலைநிறுத்தம் இங்கே நடந்தது என்பது உண்மையா?

எழுத்துச் சான்று உள்ளவற்றுள் மிகப் பழையது இதுவே. மூன்றாம் ராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.மு. 1157இல், தானியக் கூலி மாதக்கணக்கில் தாமதமாகியது. தொழிலாளர்கள் உளிகளை வைத்துவிட்டு, காவற்சுவர்களைத் தாண்டி ஊரைவிட்டு வெளியே வந்து, ‘பசிக்கிறது, மாதத்தில் 18 நாள்கள் போய்விட்டன’ என்று சொல்லி மூன்றாம் துத்மோசின் கோயிலுக்குப் பின்புறம் அமர்ந்தார்கள். அடுத்த நாள்களில் இரண்டாம் ராம்சேசின் நினைவுக் கோயிலுக்குள்ளும் சென்றனர். அமென்நக்த் என்ற எழுத்தர் இவற்றைப் பதிந்துவைத்த பாப்பிரஸ் டூரினில் உள்ளது. பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தன. துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை. எங்கள் நல்ல தலைவரான பாரோவுக்கு எழுதுங்கள் என்று அவர்கள் முறையிட்டது அதில் இருக்கிறது.

அவர்களைப் படைவைத்து அடக்கவில்லை. முந்தைய மாதத்துக்குரிய கூலி அளக்கப்பட்டது. ஆயினும் தாமதம் மீண்டும் மீண்டும் நேர்ந்தது, அவர்களும் மீண்டும் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள்.

கல்லறைகளைக் கொள்ளையடித்தவர்கள் யார்?

பெரும்பாலும் அந்தப் பகுதியையும் அந்தத் தொழிலையும் நன்கறிந்தவர்களே. ஒன்பதாம் ராம்சேசின் 16ஆம் ஆட்சியாண்டில் நடந்த விசாரணையின் பதிவுகள் முழு வாக்குமூலங்களோடு கிடைத்திருக்கின்றன. அமென்பநுஃபேர் என்ற கல்தச்சர், வேறு எழுவரோடு சேர்ந்து செம்பு உளிகளால் சோபெகெம்சாஃப் என்ற பழைய அரசரின் கல்லறையைக் குடைந்து உள்ளே போனதாகவும், அரசர் அரசி உடல்களிலிருந்த பொன்னை எல்லாம் திரட்டிக்கொண்டு பேழைகளுக்குத் தீ வைத்ததாகவும் ஒப்புக்கொண்டார். 160 தெபென் பொன்னை எட்டுப் பேரும் ஆளுக்கு 20 தெபெனாகப் பங்கிட்டனர். ஒரு தெபென் ஏறத்தாழ 91 கிராம். பின்னர் தான் பிடிபட்டபோது தன் பங்குப் பொன்னை எழுத்தர் ஒருவரிடம் கொடுத்து வெளியே வந்ததாகவும், கூட்டாளிகள் தமக்குள் பிரித்து அந்த இழப்பை ஈடுசெய்ததாகவும் அவர் சொன்னது அப்படியே எழுதப்பட்டிருக்கிறது.

கூலி வராத ஆண்டுகளையும் இந்த விசாரணைகளின் ஆண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இவ்விரண்டும் தொடர்பற்றவையாகத் தோன்றாது.

அப்படியானால் அரசர்களின் உடல்கள் எப்படித் தப்பின?

21ஆம் மரபின் காலத்தில் தீப்ஸ் நகரின் (இன்றைய லக்சர்) பூசாரிகள், கொள்ளைபோன கல்லறைகளிலிருந்து உடல்களை எடுத்து, கிழிந்த துணிகளை மாற்றிச் சுற்றி, மீதமிருந்த பொன்னை அகற்றி, இரகசிய இடங்களில் குவித்துவைத்தனர். எந்த உடல், எந்த ஆண்டு, எங்கிருந்து எங்கே கொண்டுவரப்பட்டது என்பதைத் துணிமீதும் பேழைமீதும் மையால் குறித்தனர். அந்தக் குறிப்புகளால்தான் இன்று பெயர் சொல்லி அடையாளம் காண முடிகிறது.

இந்த மறைவிடங்களுள் ஒன்று, தெய்ர் எல்-பஹ்ரி மலைச்சரிவில் ஆழக் கிணறு போல இறங்கும் குழி. அதை அண்டை ஊர்க் குடும்பம் ஒன்று தற்செயலாகக் கண்டு, பொருள்களைச் சில ஆண்டுகள் சிறிது சிறிதாக விற்றுவந்தது. 1881இல் செய்தி வெளிப்பட்டு, தொல்பொருள் துறையைச் சேர்ந்த எமில் புருக்ஷ் உள்ளே இறங்கியபோது மூன்றாம் துத்மோஸ், முதலாம் செத்தி, இரண்டாம் ராம்சேஸ் எனப் பேரரசர்கள் அடுக்கடுக்காகக் கிடந்தனர். உடல்களை ஏற்றிய கப்பல் நைலில் கெய்ரோ நோக்கிச் சென்றபோது, கரையோரச் சிற்றூர்ப் பெண்கள் சாவுவீட்டில் அழுவதுபோலத் தலைவிரித்து ஒப்பாரி வைத்தனர். ஆண்கள் துப்பாக்கியால் சுட்டு மரியாதை செய்தனர். 2021 ஏப்ரல் 3 அன்று 18 அரசர்களும் 4 அரசியரும் கெய்ரோவின் தெருக்கள் வழியே ஊர்வலமாக எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

துட்டன்காமன் கல்லறை மட்டும் தப்பியது எப்படி?

அதுவும் பழங்காலத்திலேயே இருமுறை திறக்கப்பட்டதுதான். ஆனால் திருடர்கள் அதிகம் கொண்டுபோகுமுன் காவலர்கள் மீண்டும் அடைத்து முத்திரையிட்டனர். பின்னர் வெள்ளம் அடித்துவந்த இடிபாடுகள் வாயிலை மூடின. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அருகே ஆறாம் ராம்சேசின் கல்லறையைக் குடைந்தவர்கள், அந்த மேட்டின்மேலேயே தங்கள் குடிசைகளைக் கட்டினார்கள். கீழே ஓர் அரசர் இருப்பதை அறியாமலே, தொழிலாளர்களின் குடிசைகள் அவருக்கு மூவாயிரம் ஆண்டுகள் காவல் இருந்தன. 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் என்ற ஆங்கிலேய அகழாய்வாளர் அந்தக் குடிசைகளின் அடித்தளத்தை அகற்றச் சொன்ன பிறகுதான், 4ஆம் தேதி முதல் படிக்கட்டு தென்பட்டது.

நான்கே சிறு அறைகள்; அவற்றுள் 5,398 பொருள்கள். பத்தொன்பது வயதளவில் திடீரென இறந்த அரசருக்கு, வேறொருவருக்காக வெட்டிய சிறிய குகையை அவசரமாக ஒதுக்கியிருக்க வேண்டும். உள்பேழை மட்டும் 110 கிலோ பொன். ஆனால் அந்தப் பேழையின்மேல் கிடந்த மலர்மாலைகளில் நீலநிறத் தானியவயல் பூக்கள் இருந்தன. அவை பூக்கும் பருவத்தை வைத்து, அடக்கம் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதிக்குள் நடந்தது என்று கணித்தார்கள். பொன்னால் சொல்ல முடியாததை ஒரு வாடிய பூ சொல்லியிருக்கிறது. 2025 நவம்பர் 1 அன்று முறைப்படி திறக்கப்பட்ட கீசாவின் பெரும் எகிப்திய அருங்காட்சியகத்தில் இவரது கல்லறைப் பொருள்கள் ஒருசேரக் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

துட்டன்காமன் கல்லறையைத் திறந்தவர்களைப் பாரோவின் சாபம் கொன்றது என்பது உண்மையா?

அந்தக் கல்லறையில் சாப வாசகம் எதுவும் இல்லை. அகழாய்வுக்குப் பொருளுதவி செய்த கார்னர்வன் பிரபு, கொசுக்கடிப் புண்ணில் ஏற்பட்ட தொற்று இரத்தத்தில் பரவி 1923 ஏப்ரலில் இறந்தார். அங்கே பத்தாண்டுகள் நாள்தோறும் வேலை செய்த கார்ட்டர் 1939 வரை வாழ்ந்தார்.

நேரில் காணச் செல்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

சுவரைத் தொடாதிருப்பது முதற் கடமை. மூச்சுக்காற்றின் ஈரமே சுவருக்குள் உறையும் உப்பைக் கிளப்பிச் சாந்தைப் பெயர்த்துவிடும். அரசியர் பள்ளத்தாக்கில் இரண்டாம் ராம்சேசின் அரசியான நெஃபெர்தாரியின் கல்லறை உப்பாலேயே உதிரத் தொடங்கியது. 1986 முதல் 1992 வரை ‘கெட்டி’ (Getty) என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனமும் எகிப்திய அரசும் சேர்ந்து அதை அங்குலம் அங்குலமாக மீட்டெடுத்தன. துட்டன்காமன் கல்லறையின் சுமையைக் குறைக்க, 2014இல் கார்ட்டரின் பழைய வீட்டருகே அதன் துல்லியமான மாதிரி அமைக்கப்பட்டது. கூட்டமான நாளில் அந்த மாதிரியைப் பார்ப்பதே நல்லது என்பேன். அங்கே அவசரமில்லாமல் நிற்கலாம்.

அரசர் பள்ளத்தாக்கைப் பார்த்தபின் நேரே ஆற்றைக் கடந்து திரும்பிவிடாமல், தெய்ர் எல்-மதீனாவுக்கும் ஒருமுறை போக வேண்டும். அங்கே 1886இல் முழுமையாகக் கிடைத்த செந்நெஜெமின் கல்லறை இருக்கிறது. முதலாம் செத்தி, இரண்டாம் ராம்சேஸ் காலத்தில் அரசர்களின் கல்லறைகளில் வேலை செய்த தொழிலாளி அவர். குனிந்து இறங்கினால், ஐந்து மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் உள்ள, வளைந்த கூரை கொண்ட ஒரே அறை. மஞ்சள் பின்னணியில் வரைந்த அதன் கிழக்குச் சுவரில், நாற்புறமும் நீர் சூழ்ந்த மறுமை வயலில் செந்நெஜெம் கதிர் அறுக்கிறார். அவர் மனைவி ஐநெஃபெர்தி பின்னாலேயே வந்து கூடையில் சேர்க்கிறார். அதற்குக் கீழே அவர் ஏரோட்ட, அவள் விதை தூவுகிறாள். இருவரும் உடுத்தியிருப்பது கசங்காத வெள்ளை உடை. வயலில் பயிர் ஆள் உயரம் நிற்கிறது.